இருப்பதைச் சோதித்துப் பார்ப்போம்: கிழக்கின் கணினித் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் கணினி கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், அங்கெல்லாம் கணினிச் சங்கங்களை நடத்திவரும் மாணவர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இணையவழியில் ஒரு தன்னார்வ ஹக்கத்தோன், அதாவது சில நாட்கள் கூடி மென்பொருள் வேலை செய்யும் நிகழ்வு, நடத்தலாம் என்ற பேச்சு உங்களில் சிலரிடையே எழுந்திருப்பதாக அறிந்தேன். இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்பதால், முடிவாகும் முன்பே என் வேண்டுகோளைப் பகிரங்கமாக வைக்கிறேன். அந்த நாட்களைப் புதிய செயலி செய்யும் போட்டிக்குச் செலவிட வேண்டாம். நம் மக்கள் இன்று பயன்படுத்துகின்ற, அல்லது நாளை ஓர் அனர்த்தம் வந்தால் பயன்படுத்தப் போகின்ற, மூலநிரலை எவரும் பார்க்கக் கூடிய திறந்த மூல மென்பொருள்களைத் தமிழில் சோதிப்பதற்குச் செலவிடுங்கள். அதன் பயனையும் நிகழ்வு முடிகின்ற மாலையில் எண்ணிவிடாமல், மூன்று மாதம் பொறுத்திருந்து, நாம் சொன்ன வழுக்களில், அதாவது மென்பொருள் பிழைகளில், எத்தனை திருத்தப்பட்டன என்று பார்த்து எண்ணுங்கள்.

நான் மென்பொருள் சோதனையைத் தொழிலாகக் கொண்டவன். கல்லடியில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். "கொம்பியூட்டர்ல பிழை பிடிக்கிற வேலை" என்று என் தாயார் அயலவருக்குச் சொல்வார். நான் படித்த வரைவிலக்கணங்களில் அதைவிடச் சுருக்கமானது வேறில்லை. ஆகவே இந்த மடலில் ஓரளவு தொழில் அபிமானம் கலந்திருக்கும், பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு ஒரு நூலகத்தின் கணினிப் பட்டியலில் 'ஸ்ரீ' என்று தொடங்கும் தலைப்புடைய நூலொன்றைத் தேடினேன். அப்படி ஒரு நூல் இல்லை என்றது கணினி. நூலோ எனக்கு எதிரே இருந்த தட்டில் இருந்தது. நூலக உதவியாளர் அதை எடுத்துத் தந்துவிட்டு, "இது இப்பிடித்தான் சேர், சிலதக் காட்டாது" என்றார். வீட்டுக்கு வந்தபின் காரணத்தைத் தேடினேன். பட்டியலில் அந்த நூலைப் பதிந்தவரின் விசைப்பலகை 'ஸ்ரீ'யை ஸகரத்தில் தொடங்கிச் சேமித்திருந்தது. நான் தட்டிய விசைப்பலகை அதையே ஶகரத்தில் தொடங்கிச் சேமித்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் யுனிக்கோட் தரநிலையின், 2005இல் வெளிவந்த 4.1 பதிப்பில்தான் ஶ என்ற எழுத்துக்குத் தனிக் குறியீடு கிடைத்தது. அன்று முதல் 'ஸ்ரீ'க்கு இரண்டு குறியீட்டு வரிசைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே வடிவம்; எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்கள். ஸ்ரீதரனும் ஸ்ரீகாந்தனும் ஸ்ரீரஞ்சினியும் தெருவுக்கு ஒருவர் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. இவர்களில் ஒருவரது மருத்துவப் பதிவைத் தேடும் உத்தியோகத்தருக்கு "பதிவு இல்லை" என்று விடை வந்தால், அவர் புதிதாக இன்னொரு பதிவைத் திறப்பார். ஒரே நோயாளி இருவராகிவிடுவார். ஒருவருக்கு இருக்கும் ஒவ்வாமைக் குறிப்பு மற்றவருக்கு இருக்காது.

ஒகரத்திலும் இப்படியொரு பொறி இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்று யுனிக்கோட் விதி சொல்கிறது. அந்த விதியைப் பின்பற்ற மறந்த மென்பொருளில் கொக்கட்டிச்சோலை, கொகரத்துக்கு இரண்டும் சோகாரத்துக்கு இரண்டுமாக, கணக்குப்படி நான்கு ஊர்களாகிவிடும். 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறியின் பின்பாதி பார்வைக்கு ளகரமாகவே தெரிவதால் பலர் ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள். அதையும் தேடல் கண்டுபிடிப்பதில்லை. 'தமிழ்' என்ற சொல் நமக்கு 3 எழுத்து. யுனிக்கோட் கணக்கில் 5 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 15 பைட். பெயருக்கு 20 இடம் போதும் என்று ஆங்கிலப் பெயர்களை வைத்து ஒருவர் முடிவெடுத்திருந்தால், முதலெழுத்துகளோடு கூடிய நம் பெயர் ஒன்று நடுவில் வெட்டுப்பட்டு, புள்ளி ஒரு பக்கமும் எழுத்து மறுபக்கமுமாக நிற்கும்.

இவற்றை ஓஸ்லோவிலோ பெர்லினிலோ இருக்கும் நிரலாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் தாமாகக் கண்டுபிடிக்க முடியாது. அவருக்குத் தமிழ் ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பு, அவ்வளவுதான். கண்டுபிடிக்கக் கூடியவர்கள் நாம். இந்த மடலை உங்களுக்கு எழுதுவதற்கு அதுவே முதற்காரணம்.

மூலநிரல் திறந்திருக்கும்போது எவராவது பார்த்திருக்க மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' வழுவை நினைத்துப் பாருங்கள். உலகின் பெருந்தொகையான இணையத் தளங்கள் தம் தொடர்பைப் பிறர் படிக்க முடியாதபடி மறைப்பதற்கு நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில், 2012 மார்ச் மாதம் வெளியான பதிப்பிலிருந்து இரண்டு ஆண்டுகள் அந்த வழு எல்லோர் கண்முன்னும் திறந்த நிரலில் கிடந்தது. யாரோ பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். தமிழ் எழுத்துச் சிக்கல்களிலும் இன்றுள்ள நிலைமை அதுவே. சென்னையில் பார்த்திருப்பார்கள் என்று நாமும், யாழ்ப்பாணத்தில் பார்த்திருப்பார்கள் என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அனர்த்தம் என்று மேலே சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. எங்கள் கல்லடிக்கு அருகே நாவலடி ஏறக்குறைய முழுமையாகவே அழிந்தது. அந்த நாட்களில் பாடசாலைகளில் அமைந்த முகாம்களின் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த பெயர்ப் பட்டியல்களை நானும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்திருக்கிறேன். ஒரே பெயர் ஒரு பட்டியலில் தமிழிலும் இன்னொன்றில் ஆங்கிலத்திலும் இருக்கும். ஆங்கிலத்தில் 'தங்கராசா'வை எழுதுவதற்கு ஆளுக்கொரு விதம். அதே வாரங்களில் கொழும்பில், லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்த தன்னார்வ நிரலாளர்கள் இரவுபகலாக அமர்ந்து, காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளின் பதிவேடு ஆகியவற்றைக் கொண்ட 'சஹன' என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் 'சஹன' என்றால் நிவாரணம். அது பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பயன்பட்டது. சமூக நன்மைக்கான செயற்றிட்டத்துக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதை 2006இல் பெற்றது. உலகுக்கு இலங்கை கொடுத்த மிகப் பெரிய திறந்த மூலக் கொடைகளுள் அது ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் ஒரு சோதனையாளனாக அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கவலை எழுகிறது. இறந்தோரை எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில் எழுதப்படும் மென்பொருளைச் சோதிக்க யாருக்கு நேரம் இருக்கும்? சோதனை என்பது அமைதியான நாளில் செய்ய வேண்டிய வேலை. ஓர் எளிய எடுத்துக்காட்டு தருகிறேன். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். அதில் தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் அந்த இடம் 70 குறியீடாகச் சுருங்கிவிடும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 5 குறியீடு என்பதை நினைவிற் கொள்ளுங்கள். வெள்ள எச்சரிக்கை ஒன்றைத் தமிழில் எழுதினால் அது இரண்டு மூன்று துண்டுகளாக உடைந்து போகும். துண்டுகள் முறை மாறி வருகின்றனவா, இரண்டாம் துண்டு வராமற்போனால் முதல் துண்டு மட்டும் என்ன பொருள் தரும், பழைய கைத்தொலைபேசியில் வெறும் கட்டங்களாகத் தெரிகிறதா என்பவற்றை மகாவலியும் முந்தெனி ஆறும் பெருகிய பிறகா சோதிப்பது? 1978 நவம்பர் 23 இரவின் சூறாவளியைக் கண்ட மூத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த மாதம் எது வரும் என்று அவர்களுக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

புதிய செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடந்த சில ஆண்டுகளில் நம் பகுதியிலும் வெளியிலும் நடந்த செயலிப் போட்டிகள் சிலவற்றின் ஆக்கங்களை, நிரல்களைப் பகிர்ந்து வைக்கும் ஜிட்ஹப் தளத்தில் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் கடைசி மாற்றம் போட்டி முடிந்த அதே ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்யப்பட்டது. பரிசு கிடைத்த செயலிக்கும் கிடைக்காத செயலிக்கும் இதில் வேறுபாடில்லை. மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை அவர்களுக்கு விரிவுரை இருக்கிறது. ஹக்கத்தோன் என்ற சொல்லே 1999இல் ஓபன்பிஎஸ்டி நிரலாளர்கள் கனடாவின் கல்கரி நகரில் கூடியபோது புழக்கத்துக்கு வந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் பரிசுக்காகக் கூடவில்லை; தாம் ஏற்கெனவே பராமரித்து வந்த ஓர் இயங்குதளத்தைச் செம்மைப்படுத்தக் கூடினார்கள். சொல்லின் பிறப்புக்கு நாம் திரும்பிப் போனால் போதும்.

இனித் திட்டமிடல். இதில் என் கருத்துகள் சற்று நீளும், ஏனெனில் நான் ஒருமுறை இதைக் கெடுத்த கூட்டத்தில் இருந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிகழ்வில் கூடுதல் வழுக்களை அறிவிப்பவருக்குப் பரிசு என்று அறிவிக்கப்பட்டது; நடுவர்களுள் நானும் ஒருவன். அன்று மாலைக்குள் ஒரு சிறிய திறந்த மூலச் செயற்றிட்டத்தின் அறிக்கைப் பெட்டி நிரம்பி வழிந்தது. நிறம் பிடிக்கவில்லை என்று ஓர் அறிக்கை. ஒரே வழுவை ஏழு பேர் ஏழு தலைப்பில் எழுதிய அறிக்கைகள். தம் கணினியில் இணையம் அறுந்ததை மென்பொருளின் வழுவாகக் கருதிய அறிக்கைகள். அதைப் பராமரித்தவர் வேறொரு நாட்டில் பகல் வேலை செய்துவிட்டு இரவில் இதைப் பார்க்கும் தனிமனிதர். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள் என்று மிகுந்த பண்போடு அவர் எழுதிய மின்னஞ்சல் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாங்கள் மேடையில் கிண்ணம் வழங்கிக்கொண்டிருந்த வேளையில் அவர் அந்த அறிக்கைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார். இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆண்டுதோறும் ஒக்டோபரில் நடக்கும் ஹக்டோபர்ஃபெஸ்ட் என்ற உலக நிகழ்வில், திறந்த மூலச் செயற்றிட்டங்களுக்கு நான்கு மாற்றங்களை அனுப்பினால் ஒரு ரீசேட் என்ற வாக்குறுதியால் 2020இல் பயனற்ற மாற்றங்கள் வெள்ளமாகப் பெருகி, பராமரிப்பாளர்கள் கொதித்தெழுந்ததால், நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே, சம்மதம் தெரிவித்த செயற்றிட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே முதலாவது வேலை சம்மதம் கேட்பது. மூன்று அல்லது நான்கு செயற்றிட்டங்களை மட்டும் தெரிந்து, அவற்றின் பராமரிப்பாளர்களுக்கு இரண்டு மாதம் முன்பே எழுத வேண்டும். நாங்கள் இன்ன நாட்களில் இத்தனை பேர் தமிழில் சோதிக்கப் போகிறோம், உங்களுக்கு எந்தப் பகுதியில் கண்கள் தேவை, எந்தப் பதிப்பைச் சோதிக்க வேண்டும், அறிக்கைகளை எந்த வடிவில் விரும்புகிறீர்கள் என்று கேட்க வேண்டும். என் தெரிவைச் சொல்வதானால், பாடசாலைகளும் அலுவலகங்களும் செலவின்றிப் பயன்படுத்தக் கூடிய அலுவலக மென்பொருளான லிப்ரே ஒபிஸ், பல்கலைக்கழகங்கள் கற்பித்தலுக்குப் பயன்படுத்தும் மூடில், ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவாகி 2020இல் கொவிட் கண்காணிப்புக்காக இலங்கையில் முதன்முதலில் வடிவமைக்கப்பட்டுப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய சுகாதாரத் தகவல் மென்பொருளான டிஎச்ஐஎஸ்2, விழிப்புலனற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ ஆகியவற்றை முன்வைப்பேன். கடைசியாகச் சொன்னதற்குத் தனியாகவே ஒரு நாளை ஒதுக்கலாம். அதன் தமிழ்க் குரலை நாள்தோறும் கேட்டுப் பழகிய விழிப்புலனற்ற நண்பர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் காணும் பிழையை, கண்ணுள்ள நான் ஐந்து நாளிலும் காணமாட்டேன் என்பதை அனுபவத்தில் அறிவேன். ஒன்று உறுதி: உண்மையான நோயாளிகளின் அல்லது மாணவர்களின் தரவு இருக்கும் சேவையகத்தை எவரும் தொடக் கூடாது. சோதனைக்கென்று தனியே நிறுவப்பட்ட சேவையகம் இல்லையேல் அந்தச் செயற்றிட்டத்தை விட்டுவிட வேண்டும்.

நாள் குறிப்பதில் இரண்டு நாட்காட்டிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். லிப்ரே ஒபிஸின் பெரிய வெளியீடுகள் பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் வருகின்றன. ஆகவே ஓகஸ்ட் பதிப்பின் முன்னோட்டங்கள் ஜூன், ஜூலை மாதங்களில் கிடைக்கும். வெளியீட்டுக்கு முன் சொல்லப்படும் வழுவுக்கே உடனடிக் கவனிப்பு. வெளிவந்த பின் சொன்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நம் நாட்காட்டியிலோ நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் மின்வெட்டும். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். பிறைக் கணக்கில் ஆண்டுதோறும் முன்நகரும் ஹஜ்ஜுப் பெருநாள். சடங்கு நடக்கும் கிழமையில் படுவான்கரையில் எந்தப் பிள்ளையும் கணினி முன் உட்காராது, உட்காரவும் கூடாது. ஜூன் கடைசியிலும் ஜூலை முற்பாதியிலும் வரும் இரண்டு வார இறுதிகள் பெரும்பாலும் பொருந்திவரும் என்பது என் கணிப்பு. அவ்வாண்டின் பெருநாளையும் பரீட்சைகளையும் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்துநான்கு மணிநேரம் தூங்காமல் இருப்பதை வீரமாகக் கருதும் வழக்கம் நிரல் எழுதுவதற்கு எப்படியோ, சோதனைக்குக் கொஞ்சமும் உதவாது. களைத்த கண் வழுவைப் பார்க்காது, பார்த்தாலும் பொருட்படுத்தாது. இரண்டு மணிநேர அமர்வுகளாகப் பிரியுங்கள். மாலை 7 மணி முதல் 9 மணி வரை என்று ஓர் அமர்வை வைத்தால், கோடையில் இலண்டனில் அப்போது பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகளும், மணி வேறுபாடே இல்லாத தமிழ்நாட்டு நண்பர்களும் சேர்ந்துகொள்ள வசதியாக இருக்கும்.

இணையவழி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நிறுவிக் கோப்பு ஒன்று சில நூறு மெகாபைட் வரும். வெல்லாவெளியிலோ திருக்கோவிலிலோ கைத்தொலைபேசித் தரவில் இயங்கும் ஒரு மாணவிக்கு அதுவே அந்த வாரத்தின் தரவு முழுவதையும் விழுங்கிவிடும். பல்கலைக்கழகங்களிடம் நான் கேட்கும் உதவிகளுள் இது முதன்மையானது. 2020இல் முடக்கம் நிலவியபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் வழியாக மாணவர்கள் தரவுக் கட்டணமின்றி இணையவழி விரிவுரைகளில் கலந்துகொள்ள முடிந்தது. அதுபோன்ற ஏற்பாட்டை நான்கு நாட்களுக்குக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், தேவையான கோப்புகளை வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள உங்கள் வளாகங்களில் முன்கூட்டியே இறக்கி வைத்து, பென்டிரைவில் எடுத்துச் செல்ல இடமளியுங்கள். பழைய முறைதான், ஆனால் தவறாது.

யார் சோதிப்பது என்பதில்தான் நான் உங்களோடு வாதாட விரும்புகிறேன். கணினி மாணவர்களை மட்டும் அழைத்தால் நிகழ்வு பாதி வீணாகும். நாள் முழுவதும் தமிழில் தட்டெழுதுகின்ற பிரதேச செயலக உத்தியோகத்தர், இன்றும் யுனிக்கோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியை, விற்பனைக் கணக்கைத் தமிழில் வைத்திருக்கும் அரிசி ஆலைக் கணக்கர் ஆகியோரே உண்மையான சோதனையாளர்கள். பாமினியில் தட்டிய பத்து ஆண்டு ஆவணங்களை யுனிக்கோட்டுக்கு மாற்றும்போது எங்கே எழுத்து உடைகிறது என்பது அந்த ஆசிரியைக்குத் தெரியும், மாணவருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆசிரியை ஆங்கிலத்தில் வழு அறிக்கை எழுதத் தயங்குவார். ஆகவே இருவர் ஓர் அணி என்று வையுங்கள்: ஒருவர் பயன்படுத்துபவர், மற்றவர் எழுதுபவர். முன்னவர் தம் வேலையை வழக்கம்போலச் செய்து, தடுக்கிய இடத்தைத் தமிழில் சொல்லட்டும். பின்னவர் கேட்டு, தாமும் ஒருமுறை அதே படிகளைச் செய்து பார்த்து, எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்னென்ன படிகள், எதை எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதட்டும். இந்த ஐந்தும் இல்லாத அறிக்கையைப் பராமரிப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது. "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரி அறிக்கையைப் போல எரிச்சலூட்டுவது எங்கள் தொழிலில் வேறொன்றும் இல்லை. வைத்தியரிடம் போய் "சுகமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவதற்கு அது சமம்.

அறிக்கை நேராகச் செயற்றிட்டத்துக்குப் போகக் கூடாது. இடையில் ஒரு வடிகட்டும் குழு வேண்டும்; அனுபவமுள்ளோர் ஐந்தாறு பேர் போதும். நம் இலக்கண நூலார் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்றாக வகுத்தார்கள். பிழையற்றது வழாநிலை, பிழை வழு, பிழைபோலத் தோன்றினும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வடிகட்டும் குழுவின் வேலையும் இந்த மூன்றையும் பிரித்தறிவதே. மென்பொருள் சரியாகவே இயங்க, பயன்படுத்தியவர் தவறாக விளங்கிக்கொண்டாரா? உண்மையான வழுவா? அல்லது தெரிந்தே ஒரு காரணத்துக்காக அப்படி விடப்பட்டதா? உண்மையான வழு என்றால், வேறெவரும் முன்பே அறிவித்திருக்கிறார்களா என்று தேடி, இன்னொரு கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும். முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால் புதிதாக ஒன்றைத் திறக்காமல், இருக்கும் அறிக்கையின் கீழே "இலங்கையிலும் இந்தப் பதிப்பில் நிகழ்கிறது" என்று விவரங்களோடு சேர்ப்பது பத்து மடங்கு பயன் தரும்.

மூன்று விடயங்களில் இந்தக் குழு இரக்கமே காட்டக் கூடாது. பாதுகாப்புத் தொடர்பான வழு எதையும் பொதுவில் எழுத அனுமதிக்கக் கூடாது. பெரும்பாலான செயற்றிட்டங்கள் அதற்கென்று தனிப்பட்ட முகவரி வைத்திருக்கின்றன, அங்கேயே அனுப்ப வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததை, தாம் நிகழ்த்திப் பார்க்காமல் அனுப்புபவரை வெளியேற்ற வேண்டும். கர்ல் என்ற மென்பொருளின் தலைமைப் பராமரிப்பாளர் டானியல் ஸ்டென்பெர்க், இத்தகைய கற்பனை அறிக்கைகள் தம் நேரத்தைத் தின்பதாக 2024 தொடக்கத்திலிருந்தே பகிரங்கமாக முறையிட்டு வருகிறார். மூன்றாவதாக, எந்த அறிக்கையிலும் உண்மையான மனிதர் ஒருவரின் விவரம் இருக்கக் கூடாது. நம் தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்றே பிறந்த ஆண்டையும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் சொல்லிவிடும். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படுவதால் ஆணா பெண்ணா என்பதும் வெளிப்பட்டுவிடும். சோதனைக்கு இலக்கங்கள் வேண்டுமென்றால் நாமே புனைந்துகொள்வோம். நாள் 001, 366, 501, 866 என்ற ஓரங்களிலும், அவற்றைத் தாண்டிய 367, 867 போன்றவற்றிலும் மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பதே நல்ல சோதனை. பழைய 9 இலக்கமும் எழுத்தும் கொண்ட அட்டையையும், 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையையும் ஒரே பெட்டியில் ஏற்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வழுக்கள் பெரும்பாலும் ஓரங்களில்தான் குடியிருக்கும்.

பரிசு வேண்டுமா? மாணவர்களுக்குச் சான்றிதழ் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. வேலை தேடும் பிள்ளைக்கு அது உதவும். ஆனால் நிகழ்வு முடியும் நாளில் கொடுக்க வேண்டாம். ஒக்டோபர் முதல் வாரத்தில் மீண்டும் ஒரு மாலை கூடுங்கள். அனுப்பிய ஒவ்வோர் அறிக்கையும் எங்கே நிற்கிறது என்று அன்று பார்க்க வேண்டும். திருத்தப்பட்டதாகச் சொல்லப்பட்டவற்றை, அறிவித்த அதே அணி புதிய பதிப்பில் மீண்டும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். பராமரிப்பாளர் ஏதேனும் கேள்வி கேட்டு விடை கிடைக்காமல் கிடந்தால் அன்றே விடை எழுத வேண்டும். பல நல்ல அறிக்கைகள் இந்த இடத்தில்தான் சாகின்றன. சான்றிதழில், இன்னார் கலந்துகொண்டார் என்று எழுதாமல், இன்ன மென்பொருளின் இன்ன வழுவை இவர் கண்டறிந்தார், அது இன்ன பதிப்பில் திருத்தப்பட்டது என்று எழுதலாம். எந்த நிறுவனத்தின் நேர்முகத்திலும் அந்த ஒரு வரி பேசும். நானே ஆட்சேர்ப்பு நேர்முகங்களில் அமர்ந்திருக்கிறேன்; பத்துச் செயலிகளை அரைகுறையாகச் செய்தவரைவிட, ஒரு வழுவை அதன் வேர்வரை துரத்திச் சென்றவரையே தேடுவோம்.

ஆசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மென்பொருள் சோதனை உங்கள் பாடத்திட்டங்களில் ஓர் அலகாக இருக்கக்கூடும். அதன் செயல்முறைப் புள்ளிகளில் ஒரு சிறு பகுதியை இந்த நிகழ்வில் அனுப்பப்பட்ட ஓர் அறிக்கைக்கு ஒதுக்க முடியுமா என்று உங்கள் துறைக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள். எண்ணிக்கைக்குப் புள்ளி கொடுத்தால் மேலே சொன்ன பழைய கதையே திரும்பும். ஓர் அறிக்கை, அதன் தரம், பராமரிப்பாளரோடு நடந்த உரையாடல் ஆகியவற்றுக்கு மட்டும் கொடுங்கள்.

என் பங்குக்கு மூன்றைச் செய்து தருகிறேன். வழு அறிக்கைக்கான தமிழ் மாதிரிப் படிவத்தை, நிரப்பிய எடுத்துக்காட்டு ஒன்றோடு, நீங்கள் நாள் குறித்த இரண்டு வாரத்துக்குள் தருவேன். இந்த மடலில் சொன்ன எழுத்துச் சிக்கல்களையும் வேறு சிலவற்றையும் வரிசைப்படுத்திய சோதனைப் பட்டியல் ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. காரைதீவில் பிறந்து கலைச்சொற்களுக்கு உழைத்த விபுலாநந்த அடிகளின் மண்ணில் அதில் ஆங்கிலச் சொற்கள் அளவுக்கு மீறி இருப்பது எனக்கே கூச்சமாக இருப்பதால், தமிழாசிரியர் ஒருவர் அதைத் திருத்தித் தந்தால் மகிழ்வேன். நான்கு நாட்களிலும் மாலை அமர்வுகளில் வடிகட்டும் குழுவில் அமர்வேன்.

அந்த நூலகப் பட்டியலின் 'ஸ்ரீ' வழுவை அதன் செயற்றிட்டத்துக்கு அப்போதே அறிவித்தேன். எட்டு நாளில் விடை வந்தது. அவர்களால் அதை நிகழ்த்திப் பார்க்க முடியவில்லையாம். தமிழ் விசைப்பலகை உள்ள இன்னொருவர், வேறொரு கணினியில், அதே படிகளைச் செய்து உறுதிப்படுத்துவாரா என்று கேட்டிருந்தார்கள். அறிக்கை இன்னும் திறந்தே இருக்கிறது. உங்கள் நிகழ்வின் முதல் அமர்வில் முதல் வேலையாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
மென்பொருள் சோதனையாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.